‘இணைந்தது’ என்கிறது, நெட் வரவில்லை: லினக்ஸுக்கு வைஃபை மேலாளர் எழுதுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

வைஃபை மேலாளர் ஒன்றைச் சொந்தமாக எழுதத் தொடங்கியவர் முதல் வாரத்திலேயே நெட்வொர்க் பட்டியலைத் திரையில் கொண்டுவந்துவிடுவார். அதற்குப் பிறகு வரும் மாதங்கள் ‘என் லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களோடு கழியும். அந்த மாதங்களுக்காக எழுதியது இது. உங்களுக்கு வந்த புகார் எந்த அறிகுறியோடு பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நாம் எழுதும் மேலாளர் எதையும் இணைப்பதில்லை. ரேடியோவைக் கையாள்வது கெர்னல். ரவுட்டரோடு பேசி உள்ளே நுழைவது டபிள்யூபிஏ சப்ளிகன்ட். ஐபி முகவரி வாங்கித் தருவது டிஎச்சிபி கிளையன்ட். நாம் இவர்களிடம் சொல்லி அனுப்புகிறோம், பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சப்ளிகன்ட் ‘ஓகே’ என்று பதில் தந்தால் ‘காதில் விழுந்தது’ என்று பொருள். ‘முடிந்தது’ என்று பொருள் இல்லை. முடிந்த செய்தி பின்னால் தனி நிகழ்வாக வரும், சில நேரம் வராமலே போகும். கீழே உள்ள பிழைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவை.

அப்புறம், சோதனைக்கு உண்மையான ரவுட்டரை நம்பியிருக்காதீர்கள். கெர்னலில் மேக்80211 எச்டபிள்யூசிம் என்ற மாட்யூல் இருக்கிறது. ஏற்றினால் 2 போலி ரேடியோக்கள் கிடைக்கும். ஒன்றில் ஹோஸ்ட்ஏபிடி ஓடட்டும், அது ரவுட்டர். இன்னொன்றில் உங்கள் மேலாளர். கூடவே வரும் எச்டபிள்யூசிம்0 இடைமுகத்தில் காற்றில் போகும் ஒவ்வொரு ஃபிரேமையும் பார்க்கலாம். டிஎச்சிபியையும் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு ரேடியோவைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கு (கெர்னலுக்குள்ளேயே பிரித்து வைத்த தனி நெட்வொர்க் சூழல்) நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முனையும் ஒரே கணினியில் இருப்பதால் ஐபி போக்குவரத்து ரேடியோவைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிவிடும். இந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்திருந்தால் எனக்குப் பல வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

அறிகுறி: பட்டியல் காலியாகவே இருக்கிறது

முதலில் ஸ்கேன் கட்டளைக்குக் கெர்னல் என்ன எண்ணைத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள். பலர் இந்த எண்ணை லாகில் எழுதாமல் ‘ஸ்கேன் தோல்வி’ என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். பாதிக் காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

132 என்றால் ஆர்எஃப்கில், அதாவது ரேடியோக்களை அணைக்கும் கெர்னல் அமைப்பு, ரேடியோவை அணைத்து வைத்திருக்கிறது. இதில் மென்பொருள் தடை, வன்பொருள் தடை என இரு வகை உண்டு. மென்பொருள் தடையை நீங்கள் நீக்கலாம். வன்பொருள் தடையை லேப்டாப்பின் சுவிட்சோ ஃபங்ஷன் விசையோதான் நீக்கும். அதை உங்கள் நிரல் மாற்ற முயலாமல், ‘வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறது’ என்று பயனரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று: ஒரே வைஃபைக்கு இரண்டு ஆர்எஃப்கில் பதிவுகள் இருக்கலாம். ஒன்று வைஃபை டிரைவர் வைத்தது, மற்றது லேப்டாப்பின் தளத்துக்கான டிரைவர் வைத்தது. முதலில் கிடைத்த பதிவை மட்டும் பார்த்து ‘தடை நீங்கியது’ என்று காட்டும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வைஃபை வகையில் உள்ள எல்லாப் பதிவுகளையும் பாருங்கள்.

100 என்றால் இடைமுகம் கீழே கிடக்கிறது. மேலே எழுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். 1 என்றால் அனுமதி இல்லை, அதற்குக் கீழே தனி அறிகுறி இருக்கிறது. 16 என்றால் வேறொரு ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. இது பிழையே இல்லை. அந்த ஸ்கேனின் முடிவு உங்களுக்கும் வரும், காத்திருந்தால் போதும். சப்ளிகன்ட் வழியாகக் கேட்டால் இதே நிலை ‘ஃபெயில் பிஸி’ என்று வரும். அதைக் கண்டதும் உடனே மறுபடி மறுபடி கேட்கும் சுழற்சியை எழுதிவிடாதீர்கள்.

இடைமுகமே இல்லையென்றால் கெர்னல் பதிவைப் பாருங்கள். ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி அங்கே இருக்கும். பல வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் திறந்த மூலமாக இருந்தாலும் ஃபர்ம்வேர் தனிக் கோப்பாக வர வேண்டும். டிரைவர் தன்னை அறிவித்திருக்கும், ரேடியோ உருவாகியிருக்காது. காலிப் பட்டியலைக் காட்டி ‘அருகில் நெட்வொர்க் இல்லை’ என்று சொல்வதும், ‘வைஃபை கருவி கிடைக்கவில்லை’ என்று சொல்வதும் பயனரை வெவ்வேறு திசையில் அனுப்பும். இரண்டுக்கும் தனித்தனிச் செய்தி வையுங்கள்.

எண் 0, ஸ்கேனும் முடிந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வருகிறது, 5 கிகாஹெர்ட்ஸ் வரவில்லை என்றால் ஒழுங்குமுறைப் பகுதியைப் பாருங்கள். நாட்டுக் குறியீடு தெரியாதபோது கெர்னல் ‘00’ என்ற உலகப் பொது விதியில் நிற்கும். அதில் 12, 13 ஆம் சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் கணினி தானாகக் குரல் கொடுக்காது, ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்கும் பீக்கனுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒன்று. ஒவ்வொரு சேனலிலும் அதற்கு மேல் காத்திருக்க வேண்டியிருப்பதால் ஸ்கேன் பல விநாடிகள் இழுக்கும். உங்கள் நிரல் 2 விநாடியில் பொறுமை இழந்து ‘ஒன்றும் இல்லை’ என்று வரைந்துவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் ஒருநாளும் தெரியாது. நேரக் கணக்கை விட்டுவிடுங்கள், முடிந்தது என்ற நிகழ்வு வரும்வரை காத்திருங்கள். கெர்னல் 4.15 முதல் இந்த விதிகளை ஒரு தரவுக் கோப்பிலிருந்து நேரடியாகவே படிக்கிறது. அந்தக் கோப்பு நிறுவப்படாத சிறிய டிஸ்ட்ரோக்களில் ‘00’ மாறவே மாறாது.

அறிகுறி: ஸ்கேன் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்தான் புதிய நெட்வொர்க் தெரிகிறது

முதல் அழுத்தத்தில் ஸ்கேன் தொடங்குகிறது, நீங்கள் உடனே பட்டியலைக் கேட்கிறீர்கள், பழைய முடிவு வருகிறது. இரண்டாவது அழுத்தத்தில் முதல் ஸ்கேனின் முடிவு வருகிறது. திரை எப்போதும் ஒரு படி பின்னால்.

தீர்வு வரிசையில் இருக்கிறது. முதலில், கெர்னலோடு பேசும் நெட்லிங்க் சாக்கெட்டில் ஸ்கேன் நிகழ்வுகளுக்கான மல்டிகாஸ்ட் குழுவில் சேருங்கள், பிறகு ஸ்கேனைத் தொடங்குங்கள், நிகழ்வு வந்த பிறகு பட்டியலைக் கேளுங்கள். தொடங்கிவிட்டுச் சேர்ந்தால், வேகமான கருவிகளில் நீங்கள் சேர்வதற்குள் நிகழ்வு கடந்துபோயிருக்கும். அப்புறம் வராத நிகழ்வுக்காகக் காத்துக்கிடப்பீர்கள்.

இதன் மறுபக்கப் புகார், அணைத்த ரவுட்டர் பட்டியலில் இன்னும் நிற்கிறது என்பது. கெர்னல் ஸ்கேன் முடிவை ஏறத்தாழ 30 விநாடி வைத்திருக்கும். சப்ளிகன்ட் தன் பங்குக்கு இயல்பாக 180 விநாடிவரை வைத்திருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் வயது கூடவே வருகிறது, அதைப் பார்த்து நீங்களே மங்கலாக்கலாம். நான் 60 விநாடிக்கு மேல் காணாததை மங்கலாகக் காட்டுகிறேன், உடனே நீக்குவதில்லை. பட்டியல் கண்முன்னே குதித்துக்கொண்டிருந்தால் தவறான பெயரில் கை பட்டுவிடும்.

அறிகுறி: நிலையைக் கேட்டால் சம்பந்தமில்லாத வரி பதிலாக வருகிறது

பதிலின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் 3 என்ற எண் இருக்கிறதா? அது பதிலே அல்ல, நிகழ்வு. சப்ளிகன்ட்டின் கட்டுப்பாட்டு சாக்கெட்டில் நிகழ்வுகளுக்குப் பதிவு செய்துகொண்டால் அதே சாக்கெட்டில் பதில்களும் நிகழ்வுகளும் கலந்து வரும். இரண்டு சாக்கெட் திறந்து, ஒன்றைக் கட்டளைக்கும் மற்றதை நிகழ்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தது. டி-பஸ் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது வழி) வழியாகப் பேசுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

அறிகுறி: நெட்வொர்க் பெயர் சிதைந்து தெரிகிறது, அல்லது அந்தப் பெயரைப் பார்த்ததும் நிரல் விழுந்துவிடுகிறது

தமிழில் எழுதும் நாம் மற்றவர்களுக்கு முன்பே பிடிக்கக்கூடிய பிழை இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நெட்வொர்க் பெயரான எஸ்எஸ்ஐடி எழுத்துச் சரம் அல்ல. 0 முதல் 32 பைட்டு வரை நீளமுள்ள வெறும் பைட்டுகள். உள்ளே சுழிய பைட்டும் வரலாம், யூடிஎஃப்-8 அல்லாததும் வரலாம். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் யூடிஎஃப்-8 இல் 3 பைட்டு எடுக்கும். ‘வீடு’ என்பது வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என 4 குறியீடுகள், ஆக 12 பைட்டு. ஒருவர் தன் ரவுட்டருக்கு ‘எங்கள் வீட்டு வைஃபை’ என்று பெயர் வைக்கிறார் என்று கொள்வோம். மொத்தம் 53 பைட்டு. 32 ஆவது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் ரவுட்டராக இருந்தால் என்ன மிஞ்சும்? ‘எங்கள்’ 18 பைட்டு, இடைவெளி 1, ‘வீட்’ 12. ஆக 31. மீதமிருக்கும் ஒரு பைட்டில் அடுத்த டகரத்தின் முதல் பைட்டான 224 மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ட என்பது 224, 174, 159 என்ற மூன்றும் சேர்ந்தது. தனியாக நிற்கும் 224 எந்த எழுத்தும் அல்ல. உங்கள் டிகோடர் அங்கே விதிவிலக்கை எறியும், பிடிக்காவிட்டால் முழுப் பட்டியலும் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரின் ரவுட்டர் பெயரால் உங்கள் பயனரின் வைஃபை மெனு திறக்காமல் போவதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

விழாமல் இருக்க, சிதைந்த பைட்டை மாற்றுக் குறியாகக் காட்டுவார்கள். காட்டுவது சரி. ஆனால் அந்தக் காட்சிப் பெயரையே கோப்பில் சேமித்துவிட்டால், நாளை இணையும்போது அந்தப் பெயரில் நெட்வொர்க்கே இருக்காது. பைட்டுகளைப் பதினறும வடிவில் சேமியுங்கள், காட்சிக்கு மட்டும் எழுத்தாக்குங்கள். சப்ளிகன்ட்டுக்கு அனுப்பும்போதும் மேற்கோள் குறி இல்லாமல் பதினறும வடிவிலேயே அனுப்புங்கள். மேற்கோளுக்குள் இருந்தால் அது சரமாகவும், இல்லாவிட்டால் பதினறுமமாகவும் எடுத்துக்கொள்ளும். பெயருக்குள் மேற்கோள் குறி இருந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் இதோடு தீர்ந்தது.

இன்னொரு நுட்பமான இடம் யூனிகோட் இயல்பாக்கம். ‘தோட்டம்’ என்ற பெயரில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும், பைட்டுகள் வேறு. உங்கள் நூலகம் நல்லெண்ணத்தோடு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் ரவுட்டர் சொல்லும் பெயரும் நீங்கள் தேடும் பெயரும் பொருந்தாது. பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும்போதும் எஸ்எஸ்ஐடிதான் உப்பாகச் சேர்கிறது, எனவே சாவியும் தவறிவிடும். எஸ்எஸ்ஐடியை எந்த இடத்திலும் இயல்பாக்காதீர்கள்.

நீளம் 0 அல்லது எல்லாம் சுழிய பைட்டு என்றால் அது மறைக்கப்பட்ட நெட்வொர்க். பட்டியலில் வெற்று வரியாகக் காட்டாதீர்கள்.

அறிகுறி: பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் ‘தவறான பாஸ்வேர்ட்’ என்று வருகிறது

டபிள்யூபிஏ2 இல் பாஸ்வேர்ட் தவறு என்று ரவுட்டர் வாய் திறந்து சொல்லாது. 4 செய்திகள் கொண்ட ஹேண்ட்ஷேக்கில் நாம் அனுப்பும் 2 ஆவது செய்தியின் கையொப்பம் பொருந்தாவிட்டால் ரவுட்டர் பேசாமல் இருந்துவிடும், 1 ஆவது செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பும், கடைசியில் துண்டிக்கும். இதைப் பார்த்துச் சப்ளிகன்ட் ‘சாவி தவறாக இருக்கலாம்’ என்று ஊகிக்கிறது. ‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சிக்னல் பலவீனமாகி அந்தச் செய்திகள் காற்றில் தொலைந்தாலும் இதே வரிதான் வரும்.

ஆகவே, ஒருமுறையாவது வெற்றிகரமாக இணைந்த நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை உங்கள் நிரல் தானாக அழிக்கவே கூடாது. என் முதல் வடிவத்தில் தவறான சாவி என்ற காரணம் வந்ததும் சேமித்ததை நீக்கிவிட்டு மறுபடி கேட்டேன். சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த பயனர் ஒருவர் தினமும் பாஸ்வேர்ட் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது அடுத்தடுத்து 3 முறை தவறினால் மட்டும், அதுவும் சிக்னல் போதுமான அளவு இருந்தால் மட்டும், பழைய பாஸ்வேர்டை நிரப்பி வைத்தே கேட்கிறேன். தோல்விக்குப் பிறகு சப்ளிகன்ட் அந்த நெட்வொர்க்கை முதலில் 10 விநாடி ஒதுக்கி வைக்கும், தோல்வி தொடரத் தொடர நேரம் கூடும். பயனர் திருத்திய பாஸ்வேர்டைக் கொடுத்தும் எதுவும் நடக்காததுபோல் தெரிந்தால் அந்த ஒதுக்கலை நீங்கள் நீக்கவில்லை என்று பொருள்.

பாஸ்வேர்ட் 8 முதல் 63 ஆஸ்கி எழுத்துகள். 64 பதினறும இலக்கங்கள் இருந்தால் அது பாஸ்வேர்ட் அல்ல, தயாரான 256 பிட் சாவி. ஓரத்து இடைவெளியை வெட்டிவிடும் பழக்கம் இங்கே ஆபத்து, இடைவெளியும் செல்லுபடியாகும் எழுத்துதான். ஒட்டும்போது கூட வரும் வரிமுறிவை மட்டும் நீக்குங்கள்.

பாஸ்வேர்டைச் சேமிக்காமல் சாவியை மட்டும் சேமிப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சாவி, பாஸ்வேர்டையும் எஸ்எஸ்ஐடியையும் சேர்த்து 4096 சுற்று ஓட்டி வருவது. ரவுட்டரின் பெயரை மாற்றினால் பழைய சாவி வீண். டபிள்யூபிஏ3க்கோ பாஸ்வேர்டே வேண்டும், அந்தச் சாவி எதற்கும் உதவாது. நான் பாஸ்வேர்டையே சேமிக்கிறேன், ரூட் மட்டும் படிக்கும்படி 0600 அனுமதியோடு.

அறிகுறி: புதிய ரவுட்டர் பட்டியலில் தெரிகிறது, இணைய மறுக்கிறது

துண்டிப்புக்கு முன் வரும் நிலைக் குறியீடு 31 என்றால் மேலாண்மை ஃபிரேம் பாதுகாப்புக் கொள்கை பொருந்தவில்லை. டபிள்யூபிஏ3 இல் அந்தப் பாதுகாப்பு கட்டாயம். சாவி மேலாண்மையில் டபிள்யூபிஏ3 இன் முறையான எஸ்ஏஇயைச் சேர்த்தால் மட்டும் போதாது, அந்த அமைப்பையும் சேர்த்து இயக்க வேண்டும். டபிள்யூபிஏ2, 3 இரண்டும் பேசும் ரவுட்டர்களுக்கு ‘முடிந்தால்’ என்ற நிலையில் வையுங்கள். 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2 கிடையாது.

பட்டியலைத் தொகுக்கும்போது பெயரை மட்டும் வைத்துத் தொகுத்தாலும் இதே அறிகுறி வரும். ஒரே பெயரில் திறந்த நெட்வொர்க் ஒன்றும் பாஸ்வேர்ட் உள்ளது ஒன்றும் இருக்கலாம். பெயர், பாதுகாப்பு வகை இரண்டையும் சேர்த்தே ஒரு வரியாக்குங்கள்.

அறிகுறி: இணைகிறது, ஆனால் ஐபி முகவரி வர ஏறத்தாழ 4 விநாடி ஆகிறது

‘உங்கள் மேலாளர் மெதுவாக இருக்கிறது’ என்று வந்த புகாரை நான் பல நாள் தவறான இடங்களில் தேடினேன். தாமதம் ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 விநாடிக்குள் விழுந்ததைக் கவனித்த பிறகுதான் விளங்கியது. டிஎச்சிபி விதிப்படி முதல் கோரிக்கைக்குப் பதில் இல்லையென்றால் 4 விநாடி, ஒரு விநாடி கூட்டியோ குறைத்தோ காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும், அடுத்தது 8, அதற்கடுத்தது 16. அப்படியென்றால் என் முதல் கோரிக்கை ஒவ்வொரு முறையும் தொலைந்துகொண்டிருந்தது.

தொலைந்தது எங்கே? ரவுட்டரோடு அசோசியேஷன், அதாவது ரேடியோ அளவிலான முதல் இணைப்பு, முடிந்ததுமே நான் டிஎச்சிபியைத் தொடங்கினேன். ஆனால் சாவிகள் கைமாறும் ஹேண்ட்ஷேக் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அது முடியும்வரை ஹேண்ட்ஷேக் ஃபிரேம்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கெர்னல் கீழே போட்டுவிடும். ஹேண்ட்ஷேக்குக்கு ஆகும் நேரம் கண்ணிமைக்கும் பொழுதுதான், ஆனால் என் கோரிக்கை அந்தப் பொழுதுக்குள் போய் விழுந்தது.

இடைமுகத்தின் இயக்க நிலையைப் பாருங்கள். அசோசியேஷன் முடிந்தபோது அது 5, அதாவது உறக்க நிலை. ஹேண்ட்ஷேக் முடிந்ததும் சப்ளிகன்ட் அதை 6 ஆக்கும். 6 ஆனதாக நெட்லிங்க் சொன்ன பிறகே டிஎச்சிபியைத் தொடங்குங்கள். என் நிரலில் மாறியது ஒரே ஒரு நிபந்தனை வரி. புகார் தந்தவருக்கு இணைப்பு அதன் பிறகு ஒரு விநாடிக்குள் வந்தது.

அதே இடத்தில் எதிர்ப் பிழையும் உண்டு. ஒரே பெயரில் பல ரவுட்டர்கள் உள்ள கட்டடத்தில் நடந்தால் சப்ளிகன்ட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும், ‘இணைந்தது’ நிகழ்வு மறுபடி வரும். அப்போது ஐபி முகவரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் பயனரின் வீடியோ அழைப்பு அறுந்துபோகும். முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு புதுப்பித்தல் மட்டும் கேளுங்கள்.

அறிகுறி: 169.254 என்று தொடங்கும் முகவரி

டிஎச்சிபி பதில் வரவே இல்லை, கணினி தானாக ஒரு முகவரி வைத்துக்கொண்டது. இதை ‘இணைந்தது’ என்று பச்சையாகக் காட்டாதீர்கள். ‘வைஃபை இணைந்தது, முகவரி கிடைக்கவில்லை’ என்று காட்டினால் பயனருக்கே பாதி புரிந்துவிடும்.

அறிகுறி: முகவரி இருக்கிறது, எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை

டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் சேவை. பெரும்பாலும், டிஎன்எஸ் சர்வரின் முகவரியைச் சொல்லும் ரிசால்வ் கோப்பை யார் எழுதுவது என்ற குழப்பம். சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் சேவை ஓடும் கணினியில் அந்தக் கோப்பு வெறும் குறியிணைப்பு, உள்ளே 127.0.0.53 என்று இருக்கும். அதன் மேல் உங்கள் கோப்பை எழுதினால் இணைப்பு உடையும், பிறகு ரிசால்வ்டு செய்யும் மாற்றங்கள் அதில் வராது. எழுதும் முன் அது குறியிணைப்பா என்று பாருங்கள், ஆம் என்றால் ரிசால்வ்டுவிடம் டி-பஸ் வழியாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்களில் மட்டும் பெயர் தெரியவில்லை என்றால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) பதிப்பைப் பாருங்கள், 2.26க்கு முந்தையது அந்தக் கோப்பு மாறியதைத் தானாகக் கவனிக்காது.

எண்ணுக்கும் போகவில்லை, கேபிளும் செருகியிருக்கிறது என்றால் இயல்புத் தடங்கள் இரண்டு மோதுகின்றன. கேபிளுக்குச் சிறிய மெட்ரிக் (தடத்தின் முன்னுரிமை எண், சிறியதே முந்தும்), வைஃபைக்குப் பெரியது. நெட்வொர்க்மேனேஜர் 100, 600 என்று வைக்கிறது, அதே இடைவெளியைப் பின்பற்றலாம்.

உலாவியில் மட்டும் சான்றிதழ் பிழை வந்தால் உள்நுழைவுப் பக்கம் வைத்த பொது வைஃபை. சோதிக்கச் சாதாரண எச்டிடிபியில் தெரிந்த ஒரு பதிலைக் கேட்டுப் பாருங்கள், வேறொன்று வந்தால் நடுவில் யாரோ இருக்கிறார்கள். 2020 இல் வந்த ஆர்எஃப்சி 8910 படி டிஎச்சிபியின் 114 ஆவது விருப்பத்திலேயே அந்தப் பக்கத்தின் விவரத்தைச் சொல்லலாம். முதலில் அதைப் பாருங்கள்.

அறிகுறி: சில விநாடிக்கு ஒருமுறை இணைவதும் அறுவதுமாக இருக்கிறது

துண்டிப்பு நிகழ்வின் முழு வரியையும் படியுங்கள். காரணம் 3 என்றும், உள்ளூரில் உருவானது என்பதற்கு 1 என்றும் இருந்தால் ரவுட்டர் உங்களை வெளியே தள்ளவில்லை. உங்கள் கணினியில் இருக்கும் யாரோதான் துண்டிக்கிறார்கள். கிட்டத்தட்ட எப்போதுமே இன்னொரு மேலாளர்: நெட்வொர்க்மேனேஜர், கான்மேன், ஐடபிள்யூடி, அல்லது துவக்கத்தில் தானாக எழுந்த இரண்டாவது சப்ளிகன்ட். இருவரும் ஒரே ரேடியோவை மாறி மாறிப் பிடுங்குகிறார்கள்.

உங்கள் சேவை எழும்போதே மற்றவை ஓடுகின்றனவா என்று பார்த்து, ஓடினால் தொடங்க மறுத்து, பெயரைச் சொல்லி விலகுவதுதான் நேர்மையான வழி. மற்றதைக் கொன்றுவிட்டுத் தான் உட்காரும் மேலாளர்களை நான் விரும்புவதில்லை. அது பயனரின் கணினி, எது ஓட வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும்.

அறிகுறி: தூங்கி எழுந்த பிறகு பழைய இடத்து நெட்வொர்க்கையே காட்டுகிறது

தூங்கப்போகும் முன் லாகின்ட் என்ற சிஸ்டம்டி சேவை டி-பஸ்ஸில் அறிவிக்கும். தாமதப்படுத்தும் தடை ஒன்றை வாங்கி வைத்திருந்தால் உங்களுக்கு இயல்பாக 5 விநாடி கிடைக்கும். அதற்குள் ஒழுங்காகத் துண்டித்துவிட்டுத் தடையை விடுங்கள். எழுந்ததும் பழைய ஸ்கேனை நம்பாமல் புதிதாகத் தொடங்குங்கள்.

இங்கே எளிதில் கண்ணுக்குத் தெரியாத பிழை கடிகாரம். மோனோடோனிக் கடிகாரம் தூக்க நேரத்தை எண்ணாது. முகவரியின் குத்தகை 1 மணி நேரம், கணினி 8 மணி நேரம் தூங்கியது என்றால் உங்கள் கணக்கில் குத்தகை இன்னும் உயிரோடு இருக்கும், ரவுட்டரோ அதை வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். பூட்டைம் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள், அது தூக்கத்தையும் சேர்த்து எண்ணும்.

யூஎஸ்பி கருவிகள் எழும்போது மறைந்து மறுபடி தோன்றலாம். இடைமுக எண் மாறிவிடும். துவக்கத்திலும் டபிள்யூலேன்0 என்று பிறந்த இடைமுகத்தைப் பெயர் மாற்றுவது உண்டு. பெயரையே அடையாளமாக வைத்திருக்கும் நிரல் இரண்டு இடத்திலும் வழுக்கும். ஓடும்போது இடைமுக எண்ணைப் பின்தொடருங்கள், நீண்ட காலச் சேமிப்புக்குக் கருவியின் நிரந்தர மேக் முகவரியை (வன்பொருள் அடையாள எண்) வையுங்கள். தற்போதைய மேக் முகவரி வேண்டாம், அது தற்செயலாக்கப்பட்டிருக்கலாம்.

அறிகுறி: ரூட்டாக ஓட்டினால் மட்டும் வேலை செய்கிறது

வரைகலை முகப்பையே ரூட்டாக ஓட்டித் தப்பிக்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள். கேப் நெட் அட்மின் உரிமை மட்டும் உள்ள சிறிய பின்னணிச் சேவை ஒன்று, எந்த உரிமையும் இல்லாத முகப்பு ஒன்று, நடுவில் டி-பஸ். பட்டியலைப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி, பாஸ்வேர்டைத் திருப்பிப் படிக்க யாருக்கும் வேண்டாம்.

அறிகுறி: இணைந்திருக்கும்போது சில விநாடிக்கு ஒருமுறை குரல் திக்குகிறது

உங்கள் முகப்பு பின்னணியில் ஸ்கேன் செய்துகொண்டே இருக்கிறது. ரேடியோ மற்ற சேனல்களைக் கேட்கப் போகும் நேரத்தில் சொந்தச் சேனலில் இருக்காது. மெனு திறந்திருக்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யுங்கள், மூடியதும் நிறுத்துங்கள். நல்ல இடம் தேடித் தாவும் வேலையைச் சப்ளிகன்ட்டிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் ரவுட்டர் ‘புதிய சாதனம்’ என்கிறது

மேக் முகவரியை இணைப்புக்கு இணைப்பு மாற்றுகிறீர்கள். அதன் 2 ஆவது பதினறும இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது உள்ளூரில் உருவாக்கிய முகவரி. ஸ்கேனுக்குத் தற்செயல் முகவரி நல்லது. இணைப்புக்கு, கணினியின் ரகசியத்தோடு எஸ்எஸ்ஐடியைக் கலந்து உருவாக்கிய ஒரே முகவரியை அந்த நெட்வொர்க்குக்கு எப்போதும் கொடுங்கள்.

எதோடும் பொருந்தாத புகார்

பயனரிடம் ‘லாக் அனுப்புங்கள்’ என்று மட்டும் கேட்டால் உங்கள் நிரலின் லாக் மட்டும் வரும், அதில் நீங்கள் நம்பியது மட்டுமே இருக்கும். கெர்னல் பதிவு, சப்ளிகன்ட் பதிவு, உங்கள் பதிவு மூன்றும் ஒரே கடிகாரத்தில் வரிசையாக வர வேண்டும். நான் மேலாளரிலேயே ஒரு பொத்தான் வைத்தேன், கடைசி 5 நிமிடத்தை மூன்றிலிருந்தும் எடுத்து ஒரே கோப்பாக்கித் தரும். பாஸ்வேர்டைச் சப்ளிகன்ட் தானாகவே மறைத்துத்தான் எழுதும், சாவியைக் காட்டும் விருப்பத்தை மட்டும் போடாதீர்கள். எஸ்எஸ்ஐடியையும் மேக் முகவரியையும் மறைப்பது உங்கள் வேலை. மறைக்கும்போது ஒரே மேக் முகவரிக்கு எல்லா வரியிலும் ஒரே மாற்றுப் பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் எந்த ரவுட்டரிலிருந்து எதற்குத் தாவியது என்பதே தெரியாமல் போய்விடும்.